கடல் உள்வாங்கும் நேரத்தில் பாறைக் குட்டைகளைப் பார்ப்பது எப்படி

அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி, திருச்செந்தூரில் கடல் உள்வாங்கியது என்ற செய்தி அடிக்கடி வரும். கூடவே ஒரு படமும் வரும். பச்சைப் பாசி படர்ந்த பாறைகள் வெளியே தெரிய, பக்தர்கள் அவற்றின் மேல் ஏறி நின்று கைப்பேசியில் தங்களைப் படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். கடல் எத்தனை அடி பின்வாங்கியது என்பது செய்தியில் இருக்கும். அவர்கள் எதன் மேல் நிற்கிறார்கள் என்பது இருக்காது. கடல் சில மணி நேரத்தில் திரும்பி வரும் என்ற கணக்கில் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும் உயிர்கள் அந்தப் பாறையை அடுக்கடுக்காக மூடியிருக்கின்றன. பாறைக் குழிகளில் தேங்கி நிற்கும் நீரில் மீன்குஞ்சும் இறாலும், வெறும் சங்குக்குள் குடியிருக்கும் துறவி நண்டும், பூப்போல் விரியும் உயிரான கடல் சாமந்தியும் அடைபட்டிருக்கின்றன. இந்தக் குட்டைகளைப் பார்க்க விரும்புவோர், பார்த்ததற்கான தடயம் எதையும் விட்டுவிடாமல் திரும்புவது எப்படி என்பதற்கே இக்குறிப்புகள்.

பொதுவாக எல்லோரும் சொல்லும் அறிவுரை ‘எதையும் தொடாதீர்கள்’ என்பது. அது சரியே. ஆயினும் பல ஆண்டுகளாகக் கரைகளில் கவனித்ததில், கையால் விளையும் கேட்டைவிடக் காலால் விளையும் கேடே அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. கையை நீட்டும்போது மனிதன் ஓரளவேனும் யோசிக்கிறான். காலை வைக்கும்போது தான் வழுக்கி விழாமல் இருப்பதை மட்டுமே யோசிக்கிறான். ஆகவே இக்குறிப்புகளில் பெரும்பகுதி எங்கே நடப்பது, எங்கே உட்காருவது என்பதைப் பற்றியதாகவே இருக்கும்.

நாளும் நேரமும்

கடல் நாள்தோறும் ஏறி இறங்குவதைப் பாடநூல்கள் ஓதம் என்று சொல்லும்; கரையில் அதை ஏற்றம், வற்றம் என்பார்கள். சந்திரனும் சூரியனும் ஒரே கோட்டில் நின்று கடலை இழுக்கும் அமாவாசை, பௌர்ணமி நாட்களிலும் அவற்றை அடுத்த ஓரிரு நாட்களிலும் ஏற்றமும் மிகும், வற்றமும் மிகும். அரைநிலவு நாட்களில் கடல் அதிகம் அசைந்து கொடுப்பதில்லை. வீட்டில் தொங்கும் தினசரி நாட்காட்டியே இதற்குப் போதுமான கருவி. நல்ல காரியம் தொடங்க ஆகாது என்று நாம் ஒதுக்கிவைக்கும் அஷ்டமியும் நவமியும் குட்டை பார்க்கவும் ஆகாதவைதாம். அந்நாட்களில் கீழ்ப்பாறைகள் வெளியே தெரிவது அரிது.

ஒரு வற்றத்துக்கும் அடுத்த வற்றத்துக்கும் இடையே ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம் ஆகும். ஆகவே இன்று காலை 6 மணிக்குக் கடல் வற்றினால் நாளை 6.50 அளவில் வற்றும். ஒரே நாளின் இரண்டு வற்றங்களும் ஒரே அளவு இரா. ஒன்று ஆழமாகவும் மற்றொன்று மேலோட்டமாகவும் இருக்கலாம். துல்லியமான நேரத்துக்கு இந்திய நில அளவைத் துறை ஆண்டுதோறும் வெளியிடும் ஓத அட்டவணையையோ, ஹைதராபாத்தில் உள்ள இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையத்தின் இணையதளத்தையோ பார்த்துக்கொள்ளலாம். ஒரே ஊருக்குத் திரும்பத் திரும்பச் செல்பவர் வற்ற நேரத்தைச் சிறு குறிப்பேட்டில் எழுதிவைப்பது இன்னும் நல்லது. ஒரு கரையில் அமாவாசையன்று கடல் வற்றும் கடிகார நேரம் அடுத்த பௌர்ணமியிலும் ஏறத்தாழ அதுவாகவே இருக்கும்.

குஜராத்தின் கட்ச் வளைகுடாவில் கடல் பல மீட்டர் இறங்கி எழும். அங்குள்ள நரராவில் வற்ற நேரத்தில் வழிகாட்டியுடன் பவளத்திட்டுகளிடையே நடந்தே செல்கிறார்கள். தமிழகக் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வேறுபாடு ஏறக்குறைய ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும். ஆகவே நமக்குக் கிடைப்பது அகலம் குறைந்த பாறை விளிம்பும் குறுகிய நேரமுமே. அட்டவணை காட்டும் வற்ற நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே போய்ச் சேர்ந்து, நீர் திரும்பத் தொடங்கியதும் கிளம்பிவிட வேண்டும்.

காலை வற்றமாகப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது பார்ப்பவருக்கு மட்டுமன்றிப் பார்க்கப்படுபவற்றுக்கும் நல்லது. ஆழமில்லாத குட்டையின் நீர் நம் ஊர் நடுப்பகல் வெயிலில் விரைவில் சூடேறும். சூடேறிய நீரில் உயிர்வளி குறையும். ஆவியாகும் நீர் உப்பைக் கூட்டிவிட்டுப் போகும். தாங்கும் எல்லையில் ஏற்கெனவே நின்றுகொண்டிருக்கும் உயிரை அந்நேரத்தில் விரட்டிக் களைப்படையச் செய்வது, சாதாரண நேரத்தில் செய்வதைவிடப் பெரிய தீங்கு.

காற்றின் காலமும் முக்கியம். தென்மேற்குப் பருவத்தின் கச்சான் காற்று வீசும் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களில் கன்னியாகுமரிக் கரையும் மன்னார் வளைகுடாவும் கொந்தளிக்கும். வாடைக் காலத்தில் பாக் நீரிணை பொங்கும். இராமேசுவரம் பக்கத்தில் மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும் பாக் நீரிணையைப் பெண் கடல் என்றும் சொல்வதுண்டு. ஒன்று குமுறும்போது மற்றது பெரும்பாலும் அமைதியாக இருக்கும் என்பதால், அத்தீவில் தங்குபவர் பருவத்துக்கேற்ற கரையைத் தேர்ந்துகொள்ளலாம்.

எங்கே போகலாம், எங்கே கூடாது

முட்டம், கடியப்பட்டினம், கன்னியாகுமரி, மணப்பாடு, திருச்செந்தூர், மாமல்லபுரம் ஆகிய இடங்களில் கரையோடு சேர்ந்தே பாறைகள் இருக்கின்றன. இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே உள்ள 21 தீவுகளின் நிலை வேறு. அவை 1986-இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை; வனத்துறையின் அனுமதியின்றி அங்கே இறங்கக் கூடாது. ‘நூறு ரூபாய் கொடுத்தால் படகில் கூட்டிப்போய் இறக்கிவிடுகிறேன்’ என்று யாரேனும் சொன்னால் மறுத்துவிடுவதே முறை. அத்தீவுகளைச் சூழ்ந்த பவளப்பாறைகளைச் சுண்ணாம்புக்காக வெட்டி எடுத்த காலம் ஒன்று இருந்தது. அந்த அரண் போனபின் அலைகளின் வாயில் அகப்பட்டு, பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்னும் இரண்டு தீவுகள் கடல்மட்டத்துக்குக் கீழே போய்விட்டன. 21 என்ற எண்ணிக்கை அவற்றையும் சேர்த்ததுதான்.

கரையில் மீனவர் குடியிருப்பு இருந்தால், இறங்குமுன் அங்குள்ள பெரியவர் ஒருவரிடம் கேட்டுவிடுவது மரியாதையும் ஆகும், பாதுகாப்பும் ஆகும். எந்தப் பாறையில் அலை திடீரென ஏறும், எந்த இடுக்கில் கால் மாட்டும் என்பதை அவர்களைப் போல் எந்தச் செயலியும் சொல்லாது.

காலை எங்கே வைப்பது

வழுக்காத ரப்பர் அடிப்பகுதி கொண்ட பழைய கேன்வாஸ் காலணி போதும். ரப்பர் செருப்பு ஆகாது; ஈரப்பாறையில் நழுவும், இடுக்கில் மாட்டிக் கழன்று கடலோடு போகும். வெறுங்காலும் ஆகாது.

பாறையை மேலிருந்து கீழாக ஒருமுறை நின்று பாருங்கள். உச்சியில் அலையின் தெறிப்பு மட்டுமே படும் இடம் உலர்ந்து வெறுமையாக இருக்கும். மிளகளவு நத்தைகள் சில, வெடிப்புகளில் ஒண்டியிருக்கும். அதற்குக் கீழே வெண்புள்ளிகள் தெளித்தாற்போல் ஒரு பட்டை தெரியும். அதுதான் கொட்டலசு. அதற்கும் கீழே பச்சை, பழுப்பு, செம்பழுப்பு என்று பாசிகள். கடைசியில், மிகுந்த வற்றத்தில் மட்டும் வெளிவரும் விளிம்பில் பவளத்தின் உறவினங்களும் கடற்பஞ்சுகளும் இருக்கும். நடப்பதற்கு உரிய இடங்கள் இரண்டே: உச்சியில் உள்ள வெறும்பாறை, பாறைகளுக்கு இடையே உள்ள மணல். வெண்பட்டையைத் தாண்டியே தீர வேண்டுமென்றால் ஒரே தடத்தில், ஒருவர் வைத்த இடத்திலேயே அடுத்தவர் வைத்து, ஒற்றை வரிசையாகப் போகவேண்டும். பத்துப் பேர் பத்து வழியில் போனால் பத்துத் தடம் நசுங்கும்.

கொட்டலசைப் பலரும் கல்லில் படிந்த சுண்ணாம்பு என்றே நினைக்கிறார்கள். குனிந்து ஒரு சாண் தூரத்தில் பாருங்கள். சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய, உச்சி வெட்டிய கூம்பு. அதன் வாயில் கதவுபோல் இறுக மூடிய சிறு தகடுகள். உள்ளே இருப்பது இறாலுக்கும் நண்டுக்கும் உறவான உயிர். குஞ்சாக இருக்கையில் நீந்தி வந்து, தலையைப் பாறையில் ஒட்டிக்கொண்டு, சுற்றிலும் சுவர் எழுப்பிக்கொண்ட பிறகு அது ஓரடிகூட நகர்வதில்லை. நீர் ஏறும்போது கதவைத் திறந்து, இறகு போன்ற கால்களை வெளியே வீசி, மிதந்து வரும் நுண்ணுணவை வாரி உள்ளே இழுத்துக்கொள்கிறது. இப்போது கதவு மூடியிருப்பதன் பொருள், அடுத்த ஏற்றம் வரைக்குமான ஈரத்தை அது உள்ளே காத்து வைத்திருக்கிறது என்பதுதான். காலணியின் ஓர் அழுத்தத்தில் எத்தனை கதவுகள் உடைகின்றன என்பதை, ஈரப்பாறையில் காதை வைத்துக் கேட்டால் அந்த நொறுங்கல் ஒலியே சொல்லிவிடும்.

பாசியும் அவ்வாறே. அது வழுக்கும் என்பதோடு, சிறு நண்டுகளுக்கும் நத்தைகளுக்கும் வற்ற நேரத்தில் ஈரப்போர்வையாக இருப்பதும் அதுவே. இராமநாதபுரக் கரையில் மரிக்கொழுந்து, கட்டக்கோரை என்னும் கடற்பாசிகளை எடுத்துப் பிழைக்கும் பெண்கள் அதே பாறைகளில்தான் வேலை செய்கிறார்கள். தொடர்ந்து எடுத்தால் பாசி தழைக்காது என்று கண்டு, மாதத்தில் 12 நாட்கள் மட்டுமே எடுப்பது எனத் தங்களுக்குள் வரம்பு கட்டிக்கொண்டவர்கள் அவர்கள். அவர்களுள் ஒருவரான சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015-இல், தீவுகளின் இயற்கையைக் காப்போருக்கு வழங்கப்படும் சீகாலஜி விருது கிடைத்தது. அதிலேயே பிழைப்பவர்கள் இவ்வளவு ஒதுங்கி நடக்கும் இடத்தில், வேடிக்கை பார்க்க வந்தவர்கள் மிதித்துப் பிய்ப்பதற்கு எந்த நியாயமும் சொல்ல முடியாது.

ஒரே குட்டையில் உட்காருதல்

ஒரு மணி நேரத்தில் இருபது குட்டைகளைத் தாண்டிச் செல்பவர் காண்பது, இருபது முறை ஓடி ஒளியும் நிழல்களைத்தான். ஒரே குட்டையின் ஓரத்தில், வெறும்பாறையில், அரைமணி உட்கார்ந்தால் நிலைமை மாறும். உங்கள் நிழல் நீரில் விழாத பக்கமாக, சூரியனை எதிர்நோக்கியோ பக்கவாட்டிலோ உட்காருங்கள். முதல் ஐந்து நிமிடம் குட்டை காலியாகவே தோன்றும். பிறகு அடியில் கிடந்த சங்கு ஒன்று நடக்கத் தொடங்கும்; அது துறவி நண்டு. பாறை நிறத்திலேயே இருந்த துண்டு ஒன்று கண்ணை உருட்டும். அது விரல் நீள மீன். சிவந்த சதைத் துண்டு போல் சுருங்கிக் கிடந்த கடல் சாமந்தி இதழ் விரிக்கும். கண்ணாடிபோல் உடல் தெரியும் இறால் ஒன்று உங்கள் காலணி விளிம்புவரை வந்து மோந்து பார்க்கும்.

நீர்ப்பரப்பில் ஒளி பட்டு உள்ளே தெரியாவிட்டால், அடிப்பகுதி தெளிவான கண்ணாடிக் கிண்ணத்தையோ ஒளிபுகும் பிளாஸ்டிக் டப்பாவையோ நீர்மேல் மெல்ல அழுத்திப் பிடித்து அதன் வழியே பாருங்கள். சிற்றலை அடங்கி அடித்தளம் துலங்கும். அந்த டப்பாவில் உயிர்களைப் பிடித்துப் போடலாமா என்று குழந்தைகள் கேட்பார்கள், கூடாது. உள்ளங்கையளவு நீர் நம் வெயிலில் சில நிமிடங்களிலேயே சூடாகிவிடும். ஒரு குட்டையில் பிடித்ததை வேறு குட்டையில் விடுவதும் தவறு. அங்கே அதற்கு ஒளியும் இடுக்கு இல்லாதிருக்கலாம், அதைத் தின்னக் காத்திருப்பதும் இருக்கலாம். படம் எடுக்க ஃபிளாஷ் வேண்டாம்.

கல்லைப் புரட்டுவதைப் பற்றி நூல்கள் சில, ‘மெதுவாகப் புரட்டி, பார்த்தபின் அப்படியே வைக்கவும்’ என்கின்றன. நான் அதையும் பரிந்துரைக்க மாட்டேன். மாணவப் பருவத்தில் ஒருமுறை தேங்காயளவு கல் ஒன்றைப் புரட்டினேன். அடியில் ஆரஞ்சு நிறக் கடற்பஞ்சும், அதன் அருகே கண்கள் கரும்புள்ளியாகத் தெரியும் மீன் முட்டைகளும் ஒட்டியிருந்தன. நண்பர் அந்நேரம் எதற்கோ அழைக்க, கல்லை அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டேன். மறுநாள் அதே இடத்தில் கடற்பஞ்சு வெளுத்துக் காய்ந்து நாறிக்கொண்டிருந்தது. முட்டைகள் இருந்த இடம் வெறுமையாக இருந்தது. மேற்புறமாக இருந்து இப்போது அடியில் போன பாசி அழுகியிருந்தது. ஒரு கல்லின் இரண்டு பக்கமும் ஒரே நாளில் செத்துப்போயின.

தொட்டால் என்ன ஆகும்

நட்சத்திர மீனை நீரிலிருந்து தூக்கிப் படம் எடுப்பதுதான் மிகப் பரவலான கொடுமை. தோலின் மேலுள்ள மென்மையான நுண்குழல்கள் வழியே நீரிலிருந்து மூச்சு வாங்கும் உயிர் அது. பாறையிலிருந்து பிய்த்து எடுக்கையில் அதன் குழற்கால்கள் அறுந்து பாறையிலேயே நின்றுவிடும். கடலட்டையை அமுக்கினால் சில இனங்கள் பசைபோன்ற வெண்ணூல்களை வெளியே தள்ளும். சில இனங்கள் தம் குடலையே கக்கிவிடும். அது மீண்டும் வளரும் என்பது உண்மைதான். ஆனால் அதற்குப் பல வாரங்கள் ஆகும். அதுவரை அது சரியாக உண்ண முடியாது. தொப்பிபோன்ற ஓட்டுடன் பாறையில் ஒட்டியிருக்கும் நத்தைகளை நெம்பி எடுக்கக் கூடாது. மேய்ந்துவிட்டுத் தன் ஓட்டின் விளிம்புக்கு அச்சாகப் பொருந்தும் அதே இடத்துக்குத் திரும்பி வரும் இனங்கள் அவற்றில் உண்டு. பெயர்த்து வேறிடத்தில் வைத்தால் அந்தப் பொருத்தம் போய், ஈரம் காக்க முடியாமல் காய்ந்துவிடும்.

தொடுபவருக்கும் கேடு உண்டு. அழகிய வலைக்கோலம் போட்ட கூம்புச் சங்குகளில் சில இனங்களின் நஞ்சு ஆளையே கொல்லும். சங்கின் பருத்த முனையைப் பிடித்தால் கொட்டாது என்ற நம்பிக்கை தவறு. பாறைமேல் மெத்தை விரித்தாற்போல் பச்சையும் பழுப்புமாகப் படர்ந்திருக்கும் கடல் சாமந்தியின் உறவினங்கள் சிலவற்றிலும் கொடிய நஞ்சு இருக்கிறது. கையில் வெட்டுக்காயம் இருந்தால் அருகேகூடப் போக வேண்டாம். பாறை வெடிப்புக்குள் கையை விடவே கூடாது. கருநிறக் கடல் முள்ளெலியின் முள் தோலுக்குள்ளேயே ஒடிந்து நிற்கும். கல் மீனோ சிங்க மீனோ கடல் முள்ளெலியோ குத்திவிட்டால், தாங்கக்கூடிய சூட்டில், 45 பாகைக்கு மிகாத வெந்நீரில் அவ்வுறுப்பை அரைமணி முதல் ஒன்றரை மணி நேரம் அமிழ்த்தி வைப்பது வலியைக் குறைக்கும். பிறகு தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

வெயிலுக்குப் பூசும் களிம்பு பற்றியும் ஒரு சொல். ஆக்ஸிபென்சோன், ஆக்டினோக்ஸேட் ஆகிய இரண்டும் பவளங்களுக்குக் கேடு என்பதால், அவை கலந்த களிம்புகளின் விற்பனையை ஹவாய் மாநிலம் 2021 ஜனவரி 1 முதல் தடை செய்தது. குட்டை என்பது சில குடம் நீர். பூசிய கையை அதில் நனைத்தால் நீர்த்துப்போக இடமே இல்லை. முழுக்கைச் சட்டையும் தொப்பியும் அணிந்தால் களிம்பே வேண்டியதில்லை.

எடுத்து வரலாமா

கடலட்டைகள் அனைத்தும், கடல் குதிரைகளும், பாறை கட்டும் பவளங்களும், சில சங்கு வகைகளும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. கடலட்டை 2001-இல் அதில் சேர்க்கப்பட்டது. இவற்றைப் பிடிப்பதற்கு மூன்று ஆண்டுக்குக் குறையாத சிறைத்தண்டனை உண்டு. கரையில் ஒதுங்கிய செத்த பவளத் துண்டு என்பதும் விதிவிலக்கன்று.

வெறும் சங்குகளைப் பொறுக்கலாமே என்பார்கள். கண்ணுக்கு வெறுமையாகத் தெரியும் சங்கில் துறவி நண்டு உள்ளொடுங்கி இருக்கக்கூடும். இல்லாவிட்டாலும், வளர்ந்து வீடு மாறக் காத்திருக்கும் நண்டுக்கு அது தேவைப்படும். இன்னொன்றையும் கடைவீதியில் கவனிக்கலாம். உயிருள்ள சோவியின், அதாவது சோழியின், ஓட்டைச் சதைமடிப்பு ஒன்று வெளியே வந்து போர்த்திக் காப்பதால்தான் அந்தப் பளபளப்பு. செத்துக் கரையொதுங்கி மணலில் உருண்ட சோவி மங்கிச் சொரசொரத்துவிடும். ஆகவே கண்ணாடிபோல் மின்னும் சோவி, பெரும்பாலும் உயிரோடு பிடிக்கப்பட்டதாகவே இருக்கும். இதை அறிந்தபின் எனக்கு நினைவுப்பொருள் கடைகளில் கால் நிற்பதில்லை.

கடலுக்கு முதுகு காட்டாமை

குட்டையில் லயித்திருக்கும்போது அலையை மறந்துவிடுவோம். நம் கரையில் வற்ற ஏற்றத்தைவிட ஆபத்தானது தொலைவிலிருந்து உருண்டு வரும் பேரலை. காற்றே இல்லாத, வானம் தெளிந்த நாளிலும், தெற்குப் பெருங்கடலில் எங்கோ எழுந்த புயலின் அலைகள் திருடனைப்போல் வந்து கரையேறுவதைக் கள்ளக்கடல் என்கிறார்கள். 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் இழுக்கப்பட்டு இறந்தபோது, அத்தகைய அலை குறித்த எச்சரிக்கை நடப்பில் இருந்தது. ஆகவே கிளம்புமுன் எச்சரிக்கை ஏதும் உண்டா என்று பாருங்கள்; இருந்தால் பயணத்தை ஒத்திப்போடுங்கள். கரைக்கு வந்ததும் உலர்ந்த பாறையில் பத்து நிமிடம் நின்று, பெரிய அலை எதுவரை ஏறுகிறது என்று அளந்தபின் இறங்குங்கள். குழுவில் ஒருவர் மாற்றி ஒருவர் கடலை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கடல் பக்கம் முதுகு காட்டி அமரக் கூடாது. அட்டவணைக்குப் பொருந்தாமல் கடல் திடீரென வெகுதூரம் உள்வாங்கினால் வேடிக்கை பார்க்க ஓடாமல் மேட்டை நோக்கி ஓடுங்கள். 2004 டிசம்பர் 26 அன்று பல கரைகளில் அலை அப்படித்தான் தொடங்கியது.

திரும்பும்போது

காலணியில் ஒட்டிய மணலையும் சிப்பியையும் அங்கேயே உதறிவிடுங்கள். பையில் இரண்டு குப்பை உறைகள் இருக்கட்டும். ஒன்று நம்முடையதற்கு, மற்றொன்று பாறை இடுக்கில் சிக்கிய நைலான் நூலுக்கும் பிளாஸ்டிக்குக்கும். இழுத்தும் வராத வலைத்துண்டைப் பிய்க்க வேண்டாம். அதன்மேல் ஏற்கெனவே ஏதேனும் குடியேறியிருக்கும். கண்ட உயிர்களின் படங்களை இடமும் நேரமும் குறித்து ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளத்தில் ஏற்றினால், அறிந்தவர்கள் பெயர் சொல்வார்கள். கடல் குதிரையோ வேறு விலைபோகும் உயிரோ கண்டிருந்தால் மட்டும் துல்லியமான இடத்தை மறைத்துவிடுங்கள். குறிப்பேட்டில் திதி, வற்ற நேரம், அலை ஏறிய உயரம், உட்கார்ந்த குட்டையின் அடையாளம் ஆகியவற்றை எழுதிக்கொள்ளுங்கள். பதினைந்து நாள் கழித்து அதே குட்டைக்குப் போகும்போது அவை பயன்படும்.